வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு

"புரிஞ்சுதா?" என்று கேட்டார் பயிற்சி ஆசிரியர்.

"புரிஞ்சுது சார்" என்றது ஏழாம் வகுப்பு மொத்தமும், ஒரே ராகத்தில்.

நான் கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திண்டிவனத்தில் ஒரு பி.எட். கல்லூரியில் கல்வித் தத்துவம் நடத்துவது என் வேலை. வருடத்தில் சில வாரங்கள் எங்கள் மாணவர்கள் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகுவார்கள். நாங்கள் பின்னால் உட்கார்ந்து கவனித்து மதிப்பெண் போடுவோம். அன்று போயிருந்தது வல்லம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. இலைகள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்பது பாடம். அந்த இளைஞர் நன்றாகவே நடத்தினார். வண்ணச் சாக்பீஸ், பெரிய சார்ட், கணீரென்ற குரல். தாளில் 'நன்று' என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு, என்ன தோன்றியதோ, பக்கத்திலிருந்த பெண்ணிடம் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"என்ன புரிஞ்சுது?"

அவள் என்னைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சார் புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுதுன்னு சொல்லணும்னு புரிஞ்சுது டீச்சர்."

அதில் திமிர் இல்லை. கேட்டதற்கு யோசித்துப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பன்னிரண்டு வயது இருக்கும். நான் எழுதிய 'நன்று' என்பதை அடிக்கவில்லை. அந்த இளைஞர் மேல் தப்பே இல்லை. அப்படி நடத்தச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஆனால் திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பிஎச்.டி.க்குப் பதிவு செய்து ஒன்றரை வருடமாகத் தலைப்புக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். செஞ்சி சாலையில் பஸ் திரும்புவதற்குள் தலைப்புக் கிடைத்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில், அந்தப் பிள்ளைகளோடு தத்துவம் பேச வேண்டும்.

தத்துவம் படித்தவள் என்று சொன்னால் நம் பக்கத்தில் இரண்டே கேள்விகள்தான் வரும். ஜாதகம் பார்ப்பீர்களா என்பது ஒன்று. சாமியாராகப் போகிறீர்களா என்பது இன்னொன்று. நான் இரண்டுக்குமே ஆசைப்பட்டவள் இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி லாரிகள் நிற்கும் ஓட்டல் ஒன்றில் அம்மா மாவாட்டினாள். அதற்கு முன்னால் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா லாரியில் கிளீனராகப் போய் டிரைவரானவர். எங்களுக்கு நிலம் என்று ஒன்று எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. பிளஸ் டூ முடித்து, சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் கடைசி நாள் கவுன்சிலிங்கில் மிச்சமிருந்த சீட்டு தத்துவம். எடுத்துக்கொண்டேன்.

"அதைப் படிச்சா இன்னாவா ஆவே?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா."

"தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு" என்று சொல்லி வண்டி எடுக்கப் போய்விட்டார்.

முதல் வாரம் ஒரு பேராசிரியர் நாற்காலியைக் காட்டி, "இது இங்கே இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. பதினேழு வருடமாக எல்லோரும் என்னிடம் 'உனக்கு என்ன தெரியும்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். 'உனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்ட முதல் ஆள் அவர். அந்தக் கேள்வியை நான் விடவே இல்லை. எம்.ஏ., எம்.எட்., பி.எட். கல்லூரி வேலை எல்லாம் அதன் வழியாக வந்தவை. பதினேழு வயதில் எனக்கு வந்தது பன்னிரண்டு வயதில் அந்தப் பெண்ணுக்கு ஏன் வரக் கூடாது?

தலைமை ஆசிரியை ஐம்பதைத் தாண்டியவர், சுருக்கமாகப் பேசுபவர். கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இது பரீட்சைக்கு வருமா மேடம்?"

"வராதுங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எடுத்துக்குங்க. அந்நேரம் பிள்ளைங்களுக்கு வேற எதுவும் ஏறாது."

முதல் வெள்ளிக்கிழமை நான் தோற்றேன். கரும்பலகையில் பெரிதாக 'உண்மை என்றால் என்ன?' என்று எழுதினேன். முப்பத்தோரு பிள்ளைகளும் நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, தலைப்பை எழுதி அடிக்கோடு இழுத்தார்கள்.

"டீச்சர், ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

"மார்க் இல்லப்பா. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு சொல்லணும்."

நான் காத்திருந்தேன். இப்படிப்பட்ட வகுப்புகளில் ஆசிரியர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். காத்திருந்ததில் பத்து நிமிடம் போயிற்று. கடைசியில் முன்வரிசைப் பையன் ஒருவன் பரிதாபப்பட்டு எழுந்து நின்றான்.

"டீச்சர், பதிலை போர்டுல எழுதிப் போட்டுடுங்க. ஜல்தியா எழுதிக்கினு கிளம்பறோம். அஞ்சு மணி பஸ்ஸு போயிடும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிள்ளைகளுக்கு இது வராது என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. கேள்வியை நான் மேலேயிருந்து கொண்டுவந்து போட்டிருந்தேன். அது அவர்கள் ஊரில் விளைந்த கேள்வி இல்லை.

அடுத்த வாரம் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏரில கிரிக்கெட் ஆடினோம்" என்றான் போன வாரம் பஸ்ஸுக்கு அவசரப்பட்ட அந்தப் பஸ் பையன்.

"ஏரிலயா? தண்ணி?"

"தண்ணி ஏது டீச்சர்? காஞ்சி போயி கெடக்குது."

"தண்ணி இல்லன்னா அது ஏரியா?"

"ஏரிதான். எல்லாரும் ஏரின்னுதான் சொல்றாங்க."

"எல்லாரும் சொன்னா ஆயிடுமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். கேட்டது நான் இல்லை. அதைக் கவனித்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தண்ணி வந்தா நிக்கறதுக்கு எடம் இருக்குதில்ல, அதான் ஏரி" என்றாள், அன்று கடைசி பெஞ்சில் எனக்குப் பதில் சொன்ன அந்தப் பெண்.

"அப்ப எங்கூட்டு அண்டாவும் ஏரியா?"

சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவள் விடவில்லை. "அண்டாவைத் தூக்கினு போலாம். ஏரியைத் தூக்க முடியாது."

"பிளாட்டு போட்டுட்டாங்கன்னா?"

மூலையில் ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி அதுவரை வாயே திறக்காதவள். "எங்க மாமா ஊடு கட்டியிருக்கற எடம் முன்னாடி ஏரியாம். மழைக்கு ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துச்சு. நம்மளுக்கு அது ஊடு. தண்ணிக்கு அது இன்னும் ஏரிதான்" என்றாள்.

மணி அடித்தது. பஸ் பையன்கூட எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஒன்றரை வருடத்தில் நான் தவறவிட்ட வெள்ளிக்கிழமைகள் சொற்பம். மதியம் கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டவுன் பஸ், அதிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ. பிள்ளைகள் தாங்களே மூன்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். என்ன சொன்னாலும் 'ஏன்னா' என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். பேச்சைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. மனசு மாறிவிட்டால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது விதி அந்தப் பெண் போட்டது. கனவில் செய்த தப்புக்கு யார் பொறுப்பு, காப்பி அடித்தவனைக் காட்டிக்கொடுப்பது நேர்மையா, போன வருடத்து நானும் இந்த வருடத்து நானும் ஒரே ஆள்தானா என்றெல்லாம் பேசினோம். எல்லாவற்றையும் என் போனில் பதிவு செய்து, சனி ஞாயிறில் எழுத்தாக்கினேன். நான் மட்டும் எந்தக் கேள்விக்கும் என் கருத்தைச் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது இந்த முறையின் ஆதாரமான பாடம். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி வாசலில் ஒருவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, நகங்களில் செம்மண். அந்தப் பெண்ணின் அப்பா என்று தலைமை ஆசிரியை சொன்னார்.

"நீங்கதான் கேள்வி கேக்க சொல்லிக் குடுக்கறதா?"

"ஆமாங்க. உள்ள வந்து உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார். போன சனிக்கிழமை மகளையும் மல்லாட்டை பிடுங்க அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். நிலத்துக்காரர் வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது. அவர்கள் வீட்டு ஆட்களுக்கு ஒரு சொம்பு. வேலைக்கு வந்தவர்களுக்கு வேறொரு சொம்பு. மகள் நிலத்துக்காரரிடமே நேராகப் போய், "ஒரே குடத்துத் தண்ணிதானே, எங்களுக்கு மட்டும் ஏன் தனிச் சொம்பு?" என்று கேட்டுவிட்டாள். அவர் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே, "உம் பொண்ணு நல்லா படிக்குது போல" என்று அப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு இவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

"கேள்வி கேக்க கத்துக் குடுத்தீங்க, சரி. எங்க கேக்கக் கூடாதுன்னும் கத்துக் குடுப்பீங்களா? நாளைக்கு இது போற எடத்துல எல்லாம் கேட்டுக்கினு நிக்கும். யாராவது கை வெச்சா நீங்க வருவீங்களா?"

"வர்றேங்க" என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

"ஒரு நாளு வருவீங்க. தெனமும்?"

"தெரியலைங்க. நீங்க கேட்டது நியாயமான கேள்வி. எங்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. ஆனா இந்த வகுப்பை நான் நிறுத்த மாட்டேன். உங்க பொண்ணை அனுப்பறதும் அனுப்பாததும் உங்க முடிவு."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. "அனுப்பாம? ஊட்ல உக்காந்துக்கினு என்னையே கேட்டு பேஜாரு பண்ணுது. இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த நான்கு வாரமும் வேறு பேச்சே இல்லை. பிள்ளைகளுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. தனிச் சொம்பு சரியா தப்பா என்று ஆரம்பித்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது எப்போதாவது சரியாக இருக்குமா என்பதில் வந்து நின்றது. நான்காவது வாரம் அந்தப் பெண், யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்கப்பா பயந்தாங்கொள்ளி. ஏன்னா, இத்தனை வருஷமா அவருக்குத் தெரியும். ஒரு நாள்கூட கேக்கல."

போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. பிறகு பஸ் பையன் மெதுவாகச் சொன்னான். "பயந்துக்கினு சும்மா இருக்கறது ஒண்ணு. ஊட்ல இருக்கறவங்களை நெனைச்சிக்கினு சும்மா இருக்கறது இன்னொண்ணு. வெளியிலேருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

அன்றைய பேச்சுதான் என் ஆய்வேட்டின் ஐந்தாம் இயல் ஆனது. விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் என் நெறியாளரின் வீடு. அவர் அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்த இயலெல்லாம் சும்மாம்மா. உன் தீசிஸ் இதுதான்" என்றார். நான் திண்டிவனம் வரும்வரை பஸ் ஜன்னலோரம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்பைரல் பைண்டிங் போட்ட முதல் பிரதியைப் பிள்ளைகளிடம் காட்டத்தான் பெருமையாக எடுத்துப் போனேன். அவர்கள் அப்போது எட்டாம் வகுப்பு. ஆளுக்கொரு பக்கமாகப் புரட்டினார்கள். தங்கள் பேச்சைத் தாங்களே கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் ஐந்தாம் இயலை முழுவதும் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி என் முன்னால் வைத்தாள்.

"இதைப் போடறதுக்கு எங்களைக் கேட்டீங்களா டீச்சர்?"

"எல்லார் வீட்டுலயும் சம்மதக் கடிதம் வாங்கியிருக்கேன். உங்க அப்பாகூட கையெழுத்துப் போட்டாரே."

"பேசினது நானு."

மற்ற முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றரை வருடமாக 'ஏன்னா' சொல்லு, 'ஏன்னா' சொல்லு என்று நச்சரித்தவள் நான். என்னிடம் ஒரு 'ஏன்னா'வும் இல்லை. "கேக்கல. கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன்" என்றேன்.

இரண்டு வாரம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, அவர்கள் பேசிய பகுதியைப் படித்துக் காட்டிச் சம்மதம் கேட்டேன். ஒருத்தி ஒரு வாக்கியத்தைத் திருத்தச் சொன்னாள். பஸ் பையன் தன் பெயரை இனிஷியலோடு போட வேண்டும் என்று அடம் பிடித்தான். பெயர் இல்லாவிட்டால் தான்தான் சொன்னேன் என்று யார் நம்புவார்கள் என்பது அவன் வாதம். கடைசியாக அந்தப் பெண் வந்தாள்.

"வேணாம் டீச்சர். அன்னிக்கு அப்படி நெனைச்சேன். இப்ப அப்படி நெனைக்கல. நான் மாறிட்டேன். உங்க புக்கு மாறுமா?"

நடுவில் நடந்ததை அவளே சொன்னாள். நிலத்துக்காரர் ஒரு மாதம் கழித்து அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் போகவில்லை. திண்டிவனத்தில் கட்டடங்களுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். தினமும் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். முன்பைவிடக் கஷ்டமான வேலை. ஏன் போகவில்லை என்று இவள் கேட்டதற்கு, "நீ வாயில கேட்டே. நான் போறதை நிறுத்திக்கினேன். அவருக்குப் புரிஞ்சிருக்கும்" என்றிருக்கிறார்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுகிறேனே என்று தோன்றலாம். அவள் இப்போது விழுப்புரத்தில் கணிதம் படிக்கிறாள். இந்தப் பக்கங்களைப் போனில் அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அப்பாவிடமும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எழுதுங்க. ஆனா அவரு போகாம இருந்ததையும் சேத்து எழுதணும். பாதியோட நிறுத்தக் கூடாது."

நெறியாளரிடம் ஐந்தாம் இயலை எடுத்துவிடப் போகிறேன் என்றபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேர் இல்ல, ஊர் இல்ல. யாருக்கும்மா தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும் சார்."

"பதிமூணு வயசுப் பொண்ணு. நாளைக்கு மறுபடியும் மனசு மாறும்."

"மாறினா மறுபடியும் சேர்த்துக்கறேன் சார்."

அவர் நல்ல மனிதர். ஆனால் இரண்டு மாதம் என் போனை எடுக்கவில்லை. நான் கலங்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம் பொய். கல்லூரியில் பிஎச்.டி. முடிக்காதவர்களின் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதில் என் பெயர் இருந்தது. ஆனாலும் எடுத்த முடிவு சரியானது என்பதில் எனக்கு ஒரு நாளும் தடுமாற்றம் வந்ததில்லை. அந்த இடத்தில் வேறோர் இயல் எழுதினேன். பிள்ளைகள் பேசியதை அவர்களிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது, அவர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஒரு சிறுமி ஏன் மறுத்தாள் என்பது பற்றி. எதை மறுத்தாள் என்பதை எழுதவில்லை. அதற்கு அவள் சம்மதித்தாள். நெறியாளர் படித்துவிட்டு, "முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சு. இது சரியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு விழுப்புரத்தில், நெறியாளரின் கல்லூரியில் நடந்தது. அது பொது அவையில் நடக்கும் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வழக்கமாகப் பேராசிரியர்கள் நான்கு பேர் மரியாதைக்குக் கேட்பார்கள். அன்று காலை நான் மேடையேறும்போது, தலைமை ஆசிரியை, அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டிருந்த எங்கள் பிள்ளைகள் ஆறு பேரைச் சீருடையில் வரிசையாக அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முன்கூட்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

புறத்தேர்வாளர் வெளியூர்க்காரர், வயதானவர், கறாரானவர். முக்கால் மணி நேரம் கேட்டார். நான் நன்றாகவே பதில் சொன்னேன். ஆசிரியர் ஏன் தன் கருத்தைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்ற இயலைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டல்கூட வந்தது. பிறகு அவர், "அவையில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"தனிச் சொம்பு வெக்கறது சரியா தப்பான்னு நாங்க நாலு வாரம் பேசினோம். நீங்க ஒரு தடவைகூட ஒண்ணும் சொல்லல. உங்களுக்குத் தெரியாதா டீச்சர், இல்ல தெரிஞ்சும் சொல்லலியா?"

நெறியாளர் எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தெரியும். அது தப்பு. நான் சொல்லியிருக்கணும்."

"ஏன்னா?" என்றாள்.

அவையில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

"ஏன்னா, ஏரி ஏரியா இல்லையான்னு நான் என்ன சொன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அங்க நான் சும்மா இருக்கலாம். ஆனா அந்தச் சொம்புல குடிச்சவங்க அதே ரூம்ல எம் முன்னாடி உக்காந்திருந்தாங்க. நான் யார் பக்கம்னு தெரியாம அவங்களை நாலு வாரம் விட்டுட்டேன். அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. எங்கம்மா வயல் வேலைக்குப் போன எடத்துல கையை ஏந்தித்தான் தண்ணி குடிச்சாங்க. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. இதுதான் முறை, இப்படித்தான் நடத்தணும்னு சொல்லிக்கினு, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினேன்."

பத்து நிமிடம் முன்பு வரை அச்சுத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் நான். எங்கள் வீட்டுப் பேச்சு அந்த மேடையில் எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் சற்று யோசித்தாள். "சரி டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

புறத்தேர்வாளர் நீண்ட நேரம் எதுவோ எழுதினார். பிறகு என்னிடம், "கருத்துச் சொல்லாமை பற்றிய இயலைத் திருத்தி எழுதுங்கள். எங்கே மௌனம் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று இப்போது சொன்னீர்களே, அதைச் சேர்த்து எழுதுங்கள். மூன்று மாதம் தருகிறேன்" என்றார். இரண்டு மாதத்தில் எழுதிக் கொடுத்தேன். பட்டம் வந்தது. அப்பா அதற்குள் லாரி ஓட்டுவதை நிறுத்தி வீட்டில் இருந்தார். "இன்னாவா ஆனே?" என்றார். "டாக்டர் ஆயிட்டேம்பா" என்றேன். "ஊசி போடாத டாக்டரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்று எங்கள் கல்லூரியில் பி.எட். மாணவர்கள் ஒவ்வொருவரும் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து பத்து வாரம் பேச வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. பிள்ளைகளின் பேச்சை எழுத வேண்டுமானால் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும் என்பது கட்டாயம். சிலர் இதையும் 'மாதிரி வினாக்கள்' என்று நோட்ஸ் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் விற்கவும் செய்கிறார்கள். செய்யட்டும். பத்துப் பேரில் இரண்டு பேர் உண்மையாகக் கேட்கத் தொடங்கினாலும் அந்த இரண்டு பேரும் முப்பது வருடம் வகுப்பறையில் இருக்கப் போகிறவர்கள்.

இந்த வருடம் வெள்ளிக்கிழமைகளில் கண்டாச்சிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 'நம்ம ஆடு நம்ம ஆடுதான்னு ஆட்டுக்குத் தெரியுமா' என்று மூன்று வாரம் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் வேறொன்று வந்தது. வகுப்பறையைப் பெண் பிள்ளைகள் மட்டும் ஏன் பெருக்க வேண்டும்? அது தப்பு என்று நான் நினைக்கிறேன் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

"நான் ஒத்துக்க மாட்டேன் டீச்சர். ஏன்னா, பெருக்கற நேரத்துலதான் நாங்க மட்டும் தனியா பேசிக்கினு இருப்போம். பசங்க வந்தா அதுவும் போயிடும். பெருக்கறதைப் பங்கு போடறதுன்னா, பேசறதுக்கு எங்களுக்கு வேற நேரம் குடுங்க."

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சி ஆசிரியை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "மேடம், இதுக்கு நான் என்ன எழுதட்டும்?" என்று காதோடு கேட்டாள்.

"முதல்ல அவளைக் கேளுங்க, எழுதலாமான்னு" என்றேன்.